தோட்டத்து ஆஸ்பத்திரி யாருடையது?



வன்னியிலிருந்து வந்த ஒரு வாசகியின் கடிதத்துக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். அவருடைய குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். அவர் கேட்டிருப்பது இதுதான்: "அக்கா, எங்கள் அம்மாயி தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'லயத்துக்குக் கீழேயே ஆஸ்பத்திரி இருந்தது, மருந்துக்குக் காசே இல்லை' என்று பெருமையாகச் சொல்லுவார். ஆனால் அதே அம்மாயி பெற்ற எட்டுப் பிள்ளைகளில் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும் பிள்ளைகள் ஏன் செத்தன?"

இதை வாசித்தவுடன் எல்லயில் எங்கள் மகளிர் குழுவில் உள்ள வயதான அம்மாமாரிடம் இந்தக் கேள்வியையே கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்திலே இருந்தது மகள். ஆனா அது நம்மளோடது இல்லையே" என்றார். புத்தகங்களில் நான் படித்த வரலாறும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அந்த வரலாற்றை நாம் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

நடந்து வந்தவர்கள்

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். உங்களில் பலர் இன்று பஸ்ஸில் போய்வரும் வழிதான் அது. அன்று அது காடு. தண்ணீர் இல்லை, நிழல் மடம் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். மாத்தளை வந்து சேர்ந்தவர்களிலும் பலர் அதற்கும் மேலே மலையேறி, ஊவாவுக்கு நடக்க வேண்டியிருந்தது. பதுளைவரை ரயில் வந்தது 1924ஆம் ஆண்டில்தான்.

இந்த மரணங்கள் பற்றி இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கேள்விகள் எழுந்தன. ஆட்கள் செத்துப்போனால் வேலைக்கு ஆள் இல்லை என்பதும் தோட்ட முதலாளிகளுக்குத் தெரிந்தது. இவை இரண்டும் சேர்ந்துதான் 1872ஆம் ஆண்டு, ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், தோட்டத் தொழிலாளருக்கான முதலாவது மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்ட வைத்திய அதிகாரிகளை நியமித்து, ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கூடங்களும் அமைப்பதே அதன் நோக்கம். செலவைத் தோட்டங்களிடமிருந்தே அறவிட்டார்கள். 1880ஆம் ஆண்டின் பின் ஏற்றுமதி வரியிலிருந்து அதற்குப் பணம் எடுத்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கென்றே தனியாக எழுதப்பட்ட சுகாதாரச் சட்டம் இது. கிராமத்து விவசாயிக்கு இல்லாத ஏற்பாடு அன்று தோட்டத் தொழிலாளிக்கு இருந்தது. காகிதத்தில் பார்த்தால் நாம் முன்னே நின்றோம் எனலாம். உங்கள் அம்மாயியின் பெருமைக்குக் காரணம் இல்லாமலில்லை.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

1912ஆம் ஆண்டு இந்தச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. அதில் பெண்களுக்கென்று சில நல்ல பிரிவுகள் இருந்தன. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குப் போதிய உணவும் இருப்பிடமும் தோட்டம் கொடுக்க வேண்டும். அவள் வேலைக்குத் தகுதியானவள் என்று வைத்திய அதிகாரி அத்தாட்சி கொடுத்தாலன்றி, அந்த ஒரு மாதத்துக்கு அவளிடம் வேலை வாங்கக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பும் ஊட்டமான உணவும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவை எல்லாம் சட்டம்.

ஆனால் இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள்? தோட்டத்துரையிடம். விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் ஆட்களை மலைக்கு அனுப்பும் துரையே, 'இவள் பச்சை உடம்புக்காரி, இவளை அனுப்பாதே' என்றும் சொல்ல வேண்டியவர். கொழுந்து குறைந்தால் கேள்வி கேட்க அவருக்கு மேலே கம்பனி இருந்தது. பச்சை உடம்புக்காரி மலை ஏறினால் கேள்வி கேட்க யாரும் அருகில் இல்லை. மாவட்ட வைத்திய அதிகாரி எப்போதாவது வருவார். வந்தால் பங்களாவில்தான் இறங்குவார்.

அத்துடன் இன்னொரு சிக்கலும் இருந்தது. நோயாளியைத் தோட்டத்துக்கு வெளியே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அங்கு அவர் தங்கும் நாட்களுக்கான செலவு தோட்டத்தின் தலையில் விழும். ஆகவே கூடிய மட்டும் தோட்டத்து மருந்துக்கூடத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். இனி முடியாது என்ற நிலையில்தான் அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் அங்கேயே இறந்தார்கள். இறந்ததைப் பார்த்த சனங்கள், 'பெரியாஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டோம்' என்று பயந்தார்கள். பயந்ததால் நோயை மறைத்தார்கள். மறைத்ததால் இன்னும் தாமதமாயிற்று. பிறகு துரைமார், 'இவர்களுக்கு வைத்தியத்தில் நம்பிக்கையில்லை, அறியாத சனங்கள்' என்று எழுதி வைத்தார்கள். சமூகவியல் படிக்கும்போது இதை நாங்கள், பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடுதல் என்று படித்தோம். போர்க்காலத்தைக் கடந்து வந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையை இங்குள்ள தோட்டங்களில் தொடங்கியது. மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் காலுக்குள் புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. கருவுற்ற பெண்ணுக்கு அது யமன். மருந்து கொடுத்ததும் ஆட்கள் தெம்பானார்கள், வேலை கூடியது, துரைமார் மகிழ்ந்தார்கள். ஆனால் மலசலகூடம் இல்லாவிட்டால் அதே புழு திரும்ப வரும். மருந்து ஒருநாட் செலவு. மலசலகூடம் கட்டுவது பெருஞ்செலவு. பல தோட்டங்கள் முன்னையதை விரும்பி ஏற்றன, பின்னையதற்கு இழுத்தடித்தன.

மருந்துக்கூடத்துத் திண்ணையில்

நாளடைவில் பெரிய தோட்டங்களில் டிஸ்பென்சரி, சிறிய வாட், பிள்ளைப்பேற்று அறை, பிள்ளைக்காம்பரா என்று வந்தன. அங்கே இருந்தவரை எங்கள் சனங்கள் 'டாக்டரையா' என்றே அழைப்பார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் அவர் முழுப் படிப்புப் படித்த வைத்தியர் அல்ல. மருந்து கலக்கவும் காயம் கட்டவும் பயின்ற உதவியாளர். அவர்களில் மிக நல்லவர்கள் இருந்தார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்த டாக்டரையாக்களைப் பற்றி இன்றும் கண்கலங்கச் சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். 'இந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டும்' என்று அவர் எழுதினால், செக்ரோலில் மூன்று நாள் பேர் விழாது. மலையில் ஓர் ஆள் குறையும். அடுத்த நாள் துரை அவரைத்தான் கேட்பார். நோயாளிக்கும் துரைக்கும் நடுவில் அவர் நின்றார். மாட்டிக்கொண்டவர் என்றும் சொல்லலாம்.

வாகனமும் அப்படித்தான். பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பதுளைக்குக் கொண்டுபோக லொறி வேண்டும். லொறிக்குத் துரையின் துண்டு வேண்டும். துரை பங்களாவில் இல்லையென்றால் சின்னத்துரையைத் தேட வேண்டும். கொழுந்து ஏற்றப் போன லொறி திரும்பி வரவேண்டும். கம்பளியைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி, அதில் கிடத்தி, நாலு ஆம்பிளைகள் தோளில் சுமந்து மலையிறங்கிய கதை இல்லாத லயமே எங்கள் பக்கத்தில் இல்லை எனலாம். ஆகவே சகோதரி, உங்கள் அம்மாயி சொன்னதும் உண்மை. ஆஸ்பத்திரி லயத்துக்குக் கீழேயே இருந்தது. அந்த ஆஸ்பத்திரியால் முடியாது போன வேளையில், அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி துரையின் கையில் இருந்தது.

1948க்குப் பின்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கிராமங்களில் பெரிய மாற்றம் நடந்தது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அது படிப்படியாக நாடெங்கும் பரவியது. வீடு வீடாக வரும் மருத்துவமாது, கிளினிக், தடுப்பூசி, இலவச ஆஸ்பத்திரி என்று கிராமத்துத் தாய்மாரின் உயிர்கள் காக்கப்பட்டன. இலங்கையைப் பார் என்று உலகமே புகழ்ந்தது. 1931 முதல் சர்வசன வாக்குரிமை இருந்ததால், ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்டால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது.

தோட்டத்துக்கு இந்த ஏற்பாடு வரவில்லை. 'உங்களுக்குத்தான் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே' என்று காரணம் சொல்லப்பட்டது. ஒருகாலத்தில் நம்மை முன்னே நிறுத்திய தனிச்சட்டம், இப்போது நம்மைப் பின்னே தள்ளும் சுவராக மாறியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் சனங்களில் மிகப் பெரும்பான்மையினரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாத சனத்துக்கு ஆஸ்பத்திரி கேட்க யார் இருந்தார்கள்?

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. இனிமேலாவது மாறும் என்று சனங்கள் நம்பினார்கள். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரி சுகாதார அமைச்சுக்குப் போகவில்லை. அது தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது. அதே நேரத்தில் 1973-74 பஞ்சம் வந்தது. அரிசி, மாப் பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்குக் கிழங்கு நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துச் சனத்துக்கு அதுவும் இல்லை. 1974ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் எடுத்தால், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 51 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. தோட்டங்களில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது. சகோதரியின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

அதன் பின்னர் தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பயிற்சி பெற்ற மருத்துவமாது, பிள்ளைக்காம்பராக்கள் என்று வேலைகள் நடந்தன. 1980களில் இறப்பு வீதம் நன்றாகக் குறைந்தது. செய்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

கடலுக்கு அப்பால் ஒரு பருத்தித் தோட்டம்

தனி ஆஸ்பத்திரி என்றால் எப்போதும் இப்படித்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பருத்தித் தோட்டங்களில் உழைத்தார்கள். அடிமை முறை 1865இல் ஒழிந்தபின்னும் நிலம் வெள்ளை முதலாளியுடையது, கடன் இவர்களுடையது. பஸ்ஸில் தனி இருக்கை, பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரியும் தனி. வெள்ளையருடைய ஆஸ்பத்திரிகளில் கறுப்பின நோயாளியைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் பின்வாசலால் கொண்டுபோய் நிலவறையிலோ ஒதுக்குப்புறத்திலோ கிடத்துவார்கள்.

மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பாயு என்று ஒரு சிறிய ஊர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் 1887இல் தாங்களே அமைத்த ஊர் அது. அங்கிருந்த தபோரியன் என்னும் சகோதர சங்கத்தின் உறுப்பினர்கள், பருத்தி பொறுக்கியும் துணி வெளுத்தும் உழைத்த காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து மரணாதாரச் சங்கத்தைப் போன்ற ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் 1942ஆம் ஆண்டு 42 கட்டில்களுடன் தபோரியன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வைத்தியர்கள், தாதியர் எல்லோரும் கறுப்பினத்தவர். முதலாவது தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் ரி. ஆர். எம். ஹவர்ட். ஆண்டுக்குப் பத்து டொலருக்கும் குறைவான சந்தா கட்டிய உறுப்பினர் ஒருவர், தேவைப்பட்டால் ஆண்டில் ஒரு மாதமளவு ஆஸ்பத்திரியில் தங்கி, சத்திரசிகிச்சை உட்பட வைத்தியம் பெறலாம். அங்கே யாரும் பின்வாசலால் போகவேண்டியதில்லை.

அதுவும் ஏழைகளின் ஆஸ்பத்திரிதான். வசதிகள் குறைவுதான். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியும் பிரித்து வைக்கப்பட்டவர்களுக்கானது, அவர்களுடையதும் அப்படியே. ஆனால் எங்களுடையதன் சாவி துரையிடம் இருந்தது. அவர்களுடையதன் சாவி சந்தா கட்டியவர்களிடம் இருந்தது. ஒரு பெண் அங்கே நோயைச் சொன்னால், அந்தச் செய்தி முதலாளியின் காதுக்குப் போகாது. அவள் எத்தனை நாள் படுத்தாள் என்று முதலாளியின் கணக்குப்புத்தகம் தீர்மானிக்காது.

உடம்பைப் பற்றிய முடிவு

அதே மிசிசிப்பியில் பிறந்தவர் பானி லூ ஹேமர். பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர். பின்னர் அங்கேயே வேலைநேரக் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். எங்கள் மொழியில் சொன்னால் கணக்கப்பிள்ளை வேலை. 1961ஆம் ஆண்டு வயிற்றுக் கட்டி ஒன்றை அகற்றப் போன இடத்தில், அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அங்கே அப்படி நடந்தது. அடுத்த ஆண்டு அவர் வாக்காளராகப் பதியப் போனார். தோட்டத்து முதலாளி அவரை வெளியேற்றினார். அதன் பின் அவர் அமெரிக்கா முழுவதும் அறிந்த உரிமைப் போராளியானார். 1977ஆம் ஆண்டு அவர் கண்மூடியது மவுண்ட் பாயு ஆஸ்பத்திரியில்தான்.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மலைகளிலும் இதற்குச் சற்று நெருக்கமான ஒரு கதை உண்டு. 1980ஆம் ஆண்டில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியது. அது 500 ரூபாவரை உயர்ந்தது. அன்றைய தோட்டப் பெண்ணுக்கு அது பல வாரச் சம்பளம். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களே கூடுதலாக இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார்கள். 'இனிப் பிள்ளை வேண்டாம்' என்று தாமே முடிவெடுத்து, நிம்மதியடைந்த அம்மாமார் நிறையப் பேர். அதே நேரம், 'மற்ற முறைகள் இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவேயில்லை' என்று சொல்பவர்களையும், 'திரும்ப மாற்ற முடியாது என்று பிறகுதான் தெரிந்தது' என்று சொல்பவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். குடும்பக் கட்டுப்பாடு நல்லது. ஆனால் பசித்திருப்பவள் முன் பணத்தை வைத்துவிட்டு, அவள் மொழியில் விளக்கமும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

சுவர் விழுந்த பிறகு

1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தோடும், அதையடுத்து வந்த முதியோர் வைத்தியக் காப்புறுதித் திட்டத்தோடும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சட்டப்படியான பாகுபாடு முடிவுக்கு வந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் பொது ஆஸ்பத்திரி திறந்துவிட்டது என்ற காரணத்தால் கறுப்பின மக்களின் பழைய ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சென்ற் லூயிஸ் நகரில் 1937இல் திறந்த ஹோமர் பிலிப்ஸ் ஆஸ்பத்திரியை 1979இல் மூடியபோது மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். மவுண்ட் பாயு ஆஸ்பத்திரி 1983இல் மூடப்பட்டது. கதவு திறந்த ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தது போய்விட்டது.

எங்கள் நிலைமையும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முயற்சி நடக்கிறது. சில எடுக்கப்பட்டு வைத்தியர்களோடு இயங்குகின்றன. 2017ஆம் ஆண்டு டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதே நேரம் சில மருந்துக்கூடங்கள் வெறும் கட்டடங்களாகக் கிடக்கின்றன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவழிக்கத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு திருத்தப்பட்டதே 2018ஆம் ஆண்டில்தான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கிறார்கள். தோட்டத்தில் அது நூற்றுக்கு 32. சட்டத்தில் சுவர் இல்லை. பிள்ளையின் உயரத்தை அளந்து பார்த்தால் சுவர் இருந்த இடம் இன்னமும் தெரிகிறது.

நமக்கு இதில் என்ன?

சகோதரிகளே, உங்களில் பலர் முகாம்களில் வாழ்ந்தவர்கள். முகாமுக்குள்ளேயே கிளினிக் இருந்ததும், வெளி ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடமோ அனுமதி வாங்க வேண்டியிருந்ததும் உங்களுக்குத் தெரியும். லயத்திலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்கும் போன அம்மாமாருக்கு இரண்டு காலமும் தெரியும். ஓர் இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். அதற்குள் நான் என் சொந்த விருப்பத்தில் போகவும், கேட்கவும், மறுக்கவும், வேண்டுமானால் இன்னோர் இடத்துக்குப் போகவும் முடிகிறதா என்பது மீதிக் கேள்வி. அதற்காக நாம் செய்யக்கூடிய சில காரியங்களைக் கீழே தருகிறேன்.

முதலாவது, அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கம் இப்போது வடக்கு, கிழக்கு, ஊவா உட்பட நாடு முழுவதும் இலவசமாகச் சேவை செய்கிறது. இதற்கு யாருடைய துண்டும் தேவையில்லை. இந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வாகனம் ஏற முடியாத பாதையென்றால், எந்தச் சந்திவரை வரும் என்பதை நோய் வருமுன்னே அயலவருடன் பேசி வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் பதிவுகள். கர்ப்பிணி அட்டை, பிள்ளையின் நிறை எழுதும் புத்தகம், ஆஸ்பத்திரியில் தரும் டிக்கட் யாவும் உங்களுடையவை. பொலித்தீன் பையில் இட்டு ஒரே இடத்தில் வையுங்கள். இடம்பெயர்வில் இவற்றைத் தொலைத்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, மருத்துவமாது. எங்கள் பக்கம் 'மிட்வைப் மிஸ்' என்போம். உங்கள் பகுதிக்கு ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பல மாதங்களாக யாரும் வரவில்லையென்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். தனியாளாகப் போவதைவிடச் சங்கமாகப் போனால் பலன் உண்டு. மவுண்ட் பாயுவில் பருத்தி பொறுக்கியவர்களும் சங்கமாகித்தான் ஆஸ்பத்திரி கட்டினார்கள்.

நான்காவது, மொழி. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. 'எனக்குத் தமிழில் விளக்குங்கள்' என்று கேட்பது சண்டை பிடிப்பதல்ல. தெரிந்த தாதியோ சிற்றூழியரோ மொழிபெயர்த்துச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

ஐந்தாவது, கையெழுத்து. எந்தச் சத்திரசிகிச்சைக்கும் ஒப்பமிடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு வழி உண்டா? செய்தபின் திரும்ப மாற்ற முடியுமா? அவசர வேளையில் நீண்ட பேச்சுக்கு நேரமிருக்காது. அதனால்தான் கர்ப்ப காலத்துக் கிளினிக்கிலேயே இவற்றைக் கேட்டு வைப்பது நல்லது. கணவரோ மாமியாரோ அதிகாரியோ உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாயி இருக்கிறாரென்றால், மிஞ்சாத அந்த நாலு பிள்ளைகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். என்ன பெயர் வைத்தார்கள், எத்தனை மாதம் இருந்தார்கள், எந்த வருத்தம் வந்தது, லொறி வந்ததா என்று மெதுவாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தப் பிள்ளைகள் செத்தது அம்மாயியின் கவலையீனத்தால் அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். பல தாய்மார் அந்தப் பழியைத் தங்கள் தலையிலேயே சுமந்துகொண்டு வயதாகிவிட்டார்கள். அதை இறக்கி வைக்க ஒருவராவது உதவ வேண்டும்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி பற்றிய அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் அதைக் குறிப்பிட்டால் போதும். அடுத்த இதழில் பிள்ளைக்காம்பராவைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
எல்லயிலிருந்து உங்கள் சகோதரி